தறிச் சத்தத்தில் ஒரு சின்த்: சூப்பர்கொலைடரில் முதல் முயற்சி

சோமனூரில் மாமாவின் தறிக்குடோனுக்குள் நின்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அந்த இரைச்சலைப் போனில் பதிவு செய்தேன். “இதப் புடிச்சு என்ன கண்ணு பண்ணப் போற?” என்றார். “பாட்டுங்க மாமா” என்றேன்.

வழி இதுதான்: ஒலியை 1 முதல் 100 மில்லிநொடி வரையான துணுக்குகளாக நறுக்கி, மறுபடி தூவுவது. பெயர் கிரானுலர் சிந்தசிஸ். ஒலியைத் துகள்களாகப் பார்க்கலாம் என்று இயற்பியலாளர் டென்னிஸ் கேபர் 1947இலேயே எழுதிவிட்டார். இதற்கு அழகழகான பிளகின்கள் (இசை மென்பொருளில் செருகிக்கொள்ளும் கருவிகள்) விலைக்குக் கிடைக்கின்றன. என் ஓட்டு, கோடு எழுதி ஒலி உண்டாக்கும் இலவச மென்பொருளான சூப்பர்கொலைடருக்குத்தான். திருக நாப் இல்லாததால் காது வேலை செய்கிறது.

அதை நிறுவி, அதன் சர்வரை (ஒலியை உண்டாக்கும் பகுதி) பூட் செய்துகொள்ளுங்கள். பதிவை பஃபரில் (ஒலியை வைத்திருக்கும் நினைவிடம்) ஏற்றி, அதைத் துணுக்காக்கும் கிரெய்ன்பஃப்பிடம் கொடுங்கள்.

இங்கேதான் இரண்டு ராத்திரி போனது. சத்தமே இல்லை. பிழை என்று ஒரு வரிகூட வரவில்லை. ஹெட்போனை மாற்றினேன், லேப்டாப்பையே திட்டினேன். கடைசியில் பார்த்தால், கிரெய்ன்பஃப்புக்கு மோனோ பஃபர்தான் வேண்டும். என் பதிவோ ஸ்டீரியோ. பஃபரை ‘ரீட்’ என்று ஏற்றாமல் ‘ரீட்சேனல்’ என்று ஒரே சேனலை மட்டும் ஏற்றுங்கள், தீர்ந்தது. இன்னொன்று, பதிவில் எந்த இடத்திலிருந்து துணுக்கு எடுப்பது என்று சொல்லும் ‘பொசிஷன்’ நொடிக்கணக்கு அல்ல. 0 தொடக்கம், 1 முடிவு. நடு வேண்டுமென்றால் 0.5.

இனி விளையாட்டு. துணுக்கு நீளத்தை வழக்கத்தைவிட நீட்டி 0.2 நொடி வைத்தால் நாடா (தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) அடிப்பது தெளிவாகக் கேட்கும். (மாமா கேட்டுவிட்டு, “இது கதவோரத் தறி, பிக்கர் தேஞ்சிருக்கு” என்றார்! பிக்கர் என்றால் நாடாவை அடித்துத் தள்ளும் பாகம்.) 0.03க்குக் குறைத்து, சீரான இடைவெளியில் தட்டும் இம்பல்ஸ் கொண்டு நொடிக்கு 50 துணுக்கு விட்டால் தறி மறைந்து 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எழும். இம்பல்ஸை எடுத்துவிட்டு டஸ்ட் போடுங்கள்: துணுக்குகள் ஒழுங்கில்லாமல் விழும், சிமெண்ட் ஷீட்டில் ஆலங்கட்டி மாதிரி. எனக்கு இதுதான் பிடித்தது. ஒலி எகிறினால் கண்ட்ரோலையும் புள்ளியையும் சேர்த்து அழுத்துங்கள், எல்லாம் அடங்கும்.

பின்சேர்க்கை: ஃபைல் திறக்கவே இல்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். போன் பதிவு பெரும்பாலும் எம்4ஏ வகை ஃபைலாக இருக்கும்; சூப்பர்கொலைடர் அதைப் படிக்காது. ஆடாசிட்டியில் (ஒலி திருத்தும் இலவச மென்பொருள்) எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரலைச் சேர்த்துத் திறந்து, வேவ் ஆக ஏற்றுமதி செய்யுங்கள். அங்கேயே மோனோவாகவும் மாற்றிவிட்டால் ரீட்சேனலும் தேவையில்லை.