ஒரு வயதுக் குழந்தை எதற்காக விரல் நீட்டுகிறது? கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை

பசிக்கு அழுவது பல விலங்குகளின் குட்டிகளுக்கும் தெரியும். நாம் பார்க்கப்போவது குழந்தையின் சுட்டுவிரலை. குழந்தைக்கு ஒரு வயது ஆகியிருந்தால் சரியாக இருக்கும்.

1. தூங்கி எழுந்து, வயிறு நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். கைக்கு எட்டாத தூரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பொம்மை தலைகாட்ட வேண்டும். அதற்கு இன்னொருவர் துணை தேவை.

2. குழந்தை விரல் நீட்டியதும் பொம்மையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள் (கை பரபரக்கும், தெரியும்). பொம்மையைப் பாருங்கள், குழந்தையைப் பாருங்கள், "அட, ஆமா!" என்று சொல்லுங்கள். அதிலேயே குழந்தை திருப்தியாகிவிட்டால், அதற்குப் பொம்மை வேண்டியிருக்கவில்லை. நீங்களும் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். "எடுத்துக் கொடு" என்று நீட்டுவது வேறு, "அங்கே பாரேன்" என்று நீட்டுவது வேறு. எலிசபெத் பேட்ஸும் சக ஆய்வாளர்களும் 1975-லேயே இதைப் பிரித்துக் காட்டிவிட்டார்கள்.

3. இப்போது கொஞ்சம் குறும்பு. பொம்மையைத் திரும்பிப் பார்க்காமல் குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்துச் சிரியுங்கள். கவனம் மட்டும்தான் வேண்டுமென்றால் குழந்தை இதற்கே மகிழ வேண்டும். ஆனால் பெரும்பாலும் மறுபடி மறுபடி சுட்டும். லிஸ்கோவ்ஸ்கி, டொமசெல்லோ என்ற உளவியல் ஆய்வாளர்களின் குழுவினர் 12 மாதக் குழந்தைகளிடம் இப்படிச் செய்து பார்த்து 2004-இல் வெளியிட்டார்கள். பெரியவர் பொம்மையையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தபோதுதான் குழந்தைகள் அடுத்தடுத்த முறைகளிலும் அதிகம் சுட்டினார்கள். அவர் அப்படிப் பார்க்காதபோது, ஓரிரு தடவை வற்புறுத்திப் பார்த்துவிட்டு, 'இவரிடம் சொல்லிப் பயனில்லை' என்பதுபோல் குறைத்துக்கொண்டார்கள்.

4. கடைசியாக, பேனாவால் எதையாவது எழுதுங்கள். அப்புறம் குழந்தையின் கண்ணெதிரே பேனா மேசையிலிருந்து உருண்டு விழட்டும். கவனிக்காததுபோல் அங்குமிங்கும் தேடுங்கள். பல குழந்தைகள் பேனா கிடக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சிணுங்கல் இருக்காது, கை நீட்டிக் கேட்பதும் இருக்காது. பேனாவால் அதற்கு ஒரு லாபமும் இல்லை, உங்களுக்கு உதவுகிறது.

மனிதரிடம் வளரும் சிம்பன்சிகளும் கை நீட்டத்தான் செய்கின்றன, அநேகமாக உணவு கேட்டு. "அதைப் பாரேன்" என்று வெறுமனே காட்டி மகிழ்வது அவற்றிடம் மிக அரிது.

ஒரு நாள் விரல் நீட்டாவிட்டால் பதற வேண்டாம், மறுநாள் பார்க்கலாம். ஒன்றரை வயதாகியும் எதையும் சுட்டிக்காட்டவே இல்லையென்றால் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.