'செர்ரி-பிக்': எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

ஒரு குவியலில் தனக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கி முன்னால் வைத்து, மற்றதைக் கண்ணில் காட்டாமல் விடுவதைத்தான் ஆங்கிலத்தில் 'செர்ரி-பிக்' (cherry-pick) என்கிறார்கள். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் முள்ளுக் கத்திரிக்காய்க் கூடையின் மேல்வரிசையில் சொத்தையில்லாத காயாக அடுக்கி, "உள்ளேயும் இதேதான்" என்று தள்ளிவிடுகிற மாதிரி. குழம்புக்கு நாலு நல்ல காய் பொறுக்கி வாங்குவதில் இந்தக் குற்றச்சாட்டு எழாது. அதில் யாரும் ஏமாறுவதில்லை.

படி 1: சொல்லும் முன் சோதியுங்கள். எது விடுபட்டது? அதையும் சேர்த்தால் முடிவு மாறுமா? 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் ஓடியது உண்மை. அந்தப் படத்தை மட்டும் காட்டி "பாலாற்றில் தண்ணீருக்கா பஞ்சம்?" என்று ஒருவர் வாதிட்டால், படத்தில் தப்பில்லை, வெறும் மணலாகக் கிடந்த வருஷங்களை விட்டதில்தான் தப்பு. படமே போலி என்றால் இந்தச் சொல் பொருந்தாது, 'ஃபேக்' என்றே சொல்லிவிடலாம்.

படி 2: வாக்கியம் அமையுங்கள். யார், எதை, எதிலிருந்து என்ற வரிசை. 'தே செர்ரி-பிக்ட் டூ லைன்ஸ் ஃப்ரம் த ரிப்போர்ட்.' இறந்தகாலத்தைப் பலரும் 'பிக்கெட்' என்று இழுக்கிறார்கள். 'பிக்ட்' என்று சட்டென முடியவேண்டும். எழுதும்போது நடுவில் சிறுகோடு போடுங்கள்.

படி 3: தொனி. சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். ஆட்களைப் பற்றிப் பேசினால் சொல் அவ்வளவாகச் சுடாது: காட்பாடிப் பக்கம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த கம்பெனி 'செர்ரி-பிக்ட் த பெஸ்ட் ஸ்டூடன்ட்ஸ்' எனலாம். டேட்டா, ஆதாரம் என்று வந்தால் அது நேரடிக் குற்றச்சாட்டு. ரெஸ்யூமேயில் 'ஐ செர்ரி-பிக்ட் த டேட்டா' என்று பெருமையாக எழுதினால், நீங்களே தில்லுமுல்லை ஒப்புக்கொண்ட கதைதான். பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததைச் சொல்ல 'ஹேண்ட்-பிக்ட்' இருக்கிறது, அது பாராட்டு. இஷ்டத்துக்கு ஒன்றை ஏற்று ஒன்றைத் தள்ளுவதற்கு 'பிக் அண்ட் சூஸ்': 'யூ கான்ட் பிக் அண்ட் சூஸ் த ரூல்ஸ்.'

கம்ப்யூட்டர் படிப்பவர்களுக்கு ஒன்று: புரோகிராமில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' (Git) மென்பொருளிலும் 'செர்ரி-பிக்' என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு கிளையிலுள்ள குறிப்பிட்ட மாற்றத்தை மட்டும் இன்னொரு கிளையில் சேர்க்கும், அவ்வளவுதான். பழி எதுவும் இல்லை. 'செர்ரி பிக்கர்' என்றாலோ, தெருவிளக்கு மாட்ட ஆளைக் கூண்டோடு தூக்கும் வண்டிக்கும் அதே பெயர். ஆளைக் குறை சொல்ல வினைச்சொல்லையே பயன்படுத்துங்கள், குழப்பம் வராது.