நிரம்பிய கார்ட்டை இன்னொருவருக்கு அனுப்பும்போது செய்யும் தவறுகள்

அக்கா மணலி புதுநகரில் வீடு கட்டி முடித்தபோது, சமையலறைச் சாமான்களை ஆன்லைனில் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பணம் கட்டப் போவது பெங்களூரில் வேலை பார்க்கும் மாமா. இரண்டு ராத்திரி உட்கார்ந்து குக்கர், டப்பா செட், இட்லிச் சட்டி, திரைச்சீலை என்று 23 பொருள்களைக் கார்ட்டில், அதாவது தளத்தின் வாங்கும் கூடையில், நிரப்பினேன். மேலே இருந்த லிங்க்கை அப்படியே காப்பி செய்து மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. "மச்சான், இதுல ஒரே ஒரு ஷூதான் இருக்கு. அதுவும் நான் போன மாசம் பார்த்து வெச்சது."

எல்லோரும் செய்கிற முதல் தவறு இதுதான். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுத்துப் பழகியவர்கள் நாம். பிடித்ததையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிவைக்கச் சொல்லிவிட்டு, "சாயந்திரம் வீட்டுக்காரர் வந்து பணம் கட்டுவார்" என்று கிளம்பிவிடலாம். தெரிந்த கடை என்றால் மூட்டை அப்படியே இருக்கும். ஆன்லைன் கார்ட்டையும் அதே மாதிரி மூட்டை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அங்கே யாரும் எதையும் கட்டி வைப்பதில்லை.

கார்ட் பக்கத்தின் முகவரி பெரும்பாலான தளங்களில் எல்லோருக்கும் ஒன்றுதான். ரேஷன் கடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை ஒன்று, யார் கார்டை நீட்டுகிறார்களோ அவர்கள் கணக்குத்தான் திறக்கும். இங்கே நீட்டுகிற கார்டு உங்கள் லாகின். லாகின் செய்யவில்லை என்றால் பிரவுசரில் அந்தத் தளம் போட்டுவைத்திருக்கும் 'குக்கி' என்ற சின்னக் குறிப்பு. மாமா அந்த லிங்க்கைத் திறந்ததும் தளம் மாமாவைத்தான் பார்த்தது, மாமாவின் ஷூவைக் காட்டியது. லாகின் செய்யாமல் லேப்டாப்பில் நிரப்பிய கார்ட் உங்கள் சொந்தப் போனிலேயே தெரியாது, மாமாவுக்கு எப்படித் தெரியும்?

சரி, லிங்க் போகவில்லை என்றதும் அடுத்து என்ன செய்வோம்? ஸ்க்ரீன்ஷாட். நானும் ஏழு எடுத்து அனுப்பினேன். இது இரண்டாவது தவறு. பொருளின் பெயர் பாதியிலேயே வெட்டுப்பட்டிருக்கும். குக்கர் 3 லிட்டரா 5 லிட்டரா, இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஒத்துவருமா என்பதெல்லாம் அந்த வெட்டுப்பட்ட பாதியில்தான் இருக்கும். மாமா பெயரைத் தேடி, முதலில் வந்த வேறொரு குக்கரைப் போடுவார். இன்னொன்று, பல ஆப்களில் பக்கத்தின் உச்சியில் வீட்டு முகவரி இருக்கும், கார்ட்டில் நம் சொந்தச் சாமான்களும் கிடக்கும். குடும்ப குரூப்பில் அந்தப் படத்தைப் போட்ட பிறகுதான், பெரியப்பாவுக்கு என்று ரகசியமாக வாங்கிய ஹேர் டை அதில் இருந்தது எனக்கு உறைத்தது.

அனுப்ப வேண்டியது கூடையை அல்ல, சீட்டை. அண்ணாச்சி கடைக்கு எழுதிக் கொடுப்போமே, அந்த மாதிரி. அமேசான் போன்ற தளங்களில் விஷ்லிஸ்ட் அல்லது ஷாப்பிங் லிஸ்ட் இருக்கிறது. கார்ட்டில் இருப்பதை அதற்கு மாற்றி, அந்த லிஸ்ட்டின் லிங்க்கை அனுப்பலாம். அனுப்பும்போது அது கேட்கும்: பார்க்க மட்டுமா, திருத்தவுமா? பணம் கட்டுகிறவருக்குப் பார்க்கும் உரிமை போதும். குடும்பத்தில் பத்துப் பேருக்குத் திருத்தும் உரிமையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். எங்கள் பெரியம்மா பிளாஸ்டிக் டப்பாவையெல்லாம் எடுத்துவிட்டு எவர்சில்வர் தூக்கு நான்கு சேர்த்துவிட்டார்.

லிஸ்ட் வசதி இல்லாத தளத்தில், ஒவ்வொரு பொருளின் லிங்க்கையும் தனித்தனியாக அனுப்பி, பக்கத்தில் எண்ணிக்கையை எழுதுவதுதான் வழி. இங்கே ஒரு நுணுக்கம்: நிறம், சைஸ் எல்லாம் தேர்ந்தெடுத்த பிறகு லிங்க்கைக் காப்பி செய்யுங்கள். முதலிலேயே செய்தால் கடைக்காரர் முன்னால் வைத்திருக்கும் நிறம்தான் திறக்கும். அப்படியும் சில தளங்களில் தேர்வு ஒட்டாது. ஆகவே 'மெரூன், 7 அடி' என்று கையால் எழுதிவிடுவது நல்லது. ஷாப்பிஃபை என்ற, ஆன்லைன் கடை நடத்த உதவும் மென்பொருளில் நடக்கும் சின்னக் கடைகளில் கார்ட்டையே அனுப்ப ஒரு வழி உண்டு. கடையின் இணைய முகவரிக்குப் பின்னால் '/cart/' என்று போட்டு, பொருளின் எண்ணையும் வேண்டிய எண்ணிக்கையையும் இரட்டைப்புள்ளியால் சேர்த்தால், திறப்பவர் நேராகப் பணம் கட்டும் பக்கத்துக்குப் போய்விடுவார். ஒவ்வொரு நிறத்துக்கும் சைஸுக்கும் தனி எண் என்பதால் குழப்பம் வராது. அந்த எண்ணைக் கடைக்காரரிடமே கேட்டு வாங்கிவிடலாம்.

கார்ட்டைப் பகிர்வதற்கென்றே எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரில் சேர்க்கும் சின்னக் கூடுதல் நிரல்கள், இருக்கின்றன. நிறுவும்போது என்ன அனுமதி கேட்கிறது என்று படியுங்கள். நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கங்களையும் பார்க்க அனுமதி கேட்டால், பேங்க் வேலை பார்க்கும் பிரவுசரில் அதைச் சேர்க்க எனக்கு மனம் வராது.

விலைக்கு வருவோம். கார்ட்டில் போட்டுவிட்டால் அந்த விலை நமக்கு நிற்கும் என்பது பெரிய மயக்கம். பொதுவாக ஆர்டர் போடும் நிமிடத்தில் என்ன விலையோ அதுதான், ஸ்டாக்கும் அப்படியே. நான் பார்த்த தொகையில் என் பேங்க் கார்டுக்கான தள்ளுபடி கழிந்திருந்தது, மாமாவின் கார்டுக்கு அது கிடையாது. "நீ சொன்னதைவிட ஆயிரத்து இருநூறு அதிகமா காட்டுதே" என்று அவர் கேட்டபோது நான் ஏதோ கமிஷன் அடித்தவன் போல முழித்தேன். தொகையைச் சொல்வதாக இருந்தால் தள்ளுபடி இல்லாத தொகையைச் சொல்லுங்கள்.

முகவரி விஷயத்தில் வடசென்னைக்காரர்களுக்குத் தனிப் பாடம் இருக்கிறது. பணம் கட்டுபவரின் கணக்கில் அவருடைய வீட்டு முகவரிதான் முதலில் நிற்கும். கவனிக்காமல் விட்டால் இட்லிச் சட்டி பெங்களூருக்குப் போய்விடும். மாற்றும்போது வெறுமனே 'மணலி' என்று போட்டு 600068 என்று அடித்தால் அது மணலி. மணலி புதுநகர் 600103. வீட்டின் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். இராயபுரம், தண்டையார்பேட்டைச் சந்துகளில் ஒன்றை மட்டும் எழுதினால் டெலிவரி பையன் தெருவை இரண்டு முறை சுற்றுவான். பின்கோடு மாறினால் விற்பவரும் மாறலாம், சில பொருள் வரவே வராது. மளிகை ஆப்களில் இது இன்னும் அதிகம். பக்கத்துக் கிடங்கில் இருப்பதுதான் காட்டும். அதனால் போக வேண்டிய முகவரியை முதலில் போட்டுவிட்டு அப்புறம் கார்ட்டை நிரப்புங்கள்.

இவ்வளவு அலைச்சலுக்கு, "இந்தா பாஸ்வேர்டு, நீயே போட்டுக்கோ" என்று கொடுத்துவிடத் தோன்றும். மாமாவும் சொன்னார். வேண்டாம் என்றேன். 2022 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி கடைத்தளங்கள் கார்டு எண்ணை முழுசாகச் சேமிக்கக் கூடாது, அதற்குப் பதில் டோக்கன் என்ற மாற்று எண்ணைத்தான் வைத்திருக்கலாம். ஆனால் லாகின் கையில் இருந்தால் சேமித்த முகவரிகள், பழைய ஆர்டர்கள், வாலட் பணம் எல்லாம் திறந்துதான் கிடக்கும். வீடியோ காலில் ஸ்க்ரீனைக் காட்டிக்கொண்டே பணம் கட்டுவதும் தவறுதான். வரும் ஓடிபி எதிரில் இருப்பவருக்கும் தெரியும். அதே போல, தெரிந்த பெயரில் ஒரு லிங்க் வந்து "இந்தக் கார்ட்டுக்குப் பணம் கட்டு" என்றால், ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத் திறங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

தொகை சின்னதாக இருந்தால் நீங்களே ஆர்டர் போட்டுவிட்டு யுபிஐயில் வாங்கிக்கொள்வது சுலபம். ஆனால் யார் கணக்கில் ஆர்டரோ அவர்தான் ரிட்டர்ன் போட வேண்டும், பணமும் வழக்கமாகக் கட்டிய வழியிலேயே திரும்பும். உடைந்த டப்பாவுக்கு யார் அலைவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கடைசிப் பக்கத்தில் நீங்கள் போடாத வாரண்டியோ நன்கொடையோ ஏறியிருக்கிறதா என்று பணம் கட்டுபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்காமல் இப்படிச் சேர்ப்பதை 2023 நவம்பர் 30 அன்று வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் தடை செய்திருக்கின்றன. அதில் பட்டியலிட்ட 13 தந்திரங்களில் இதுவும் ஒன்று. புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பட்டியலில் இருப்பதைச் சேர்க்கும் முன் வாங்குபவர் தன் பழைய கார்ட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதை மட்டும் மாமாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள் முன்பு மணலி புதுநகர் வாசலில் முதல் பார்சல் இறங்கியது. அக்கா ஆசையாகப் பிரித்தாள். உள்ளே ஷூ.