கறள் பிடித்த தகரமும் கெட்டுப்போகும் படங்களும்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கொழும்பின் கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் கமராவும் கையுமாக இளைஞர்களைப் பார்க்கிறேன். சிலர் களனிப் பள்ளத்தாக்கு ரயிலில் அவிசாவளைப் பக்கம் போய் இறப்பர்த் தோட்டங்களின் பழைய புகைக்கூடங்களைத் தேடுகிறார்கள். இன்னும் தூரம் போகிறவர்கள் ஹட்டனில் இறங்கி தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளின் கூரைகளையும் தேயிலைத் தொழிற்சாலைகளின் தகரச் சுவர்களையும் எடுத்துவருகிறார்கள். வெளிறிய பலகையும் கறள் பிடித்த தகரமும் இந்தத் தலைமுறையையும் இழுப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். அவர்கள் கொண்டுவந்து காட்டும் படங்களில்தான் தகராறு. பிலிம் சுருள் காலத்தில் நாங்கள் வழுக்கிய அதே படிகளில், அதே காலை வைத்து வழுக்குகிறார்கள்.

பற்றரி தீர்ந்துபோவது, லென்ஸில் தூசி, கை நடுக்கம் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒருமுறை பட்டாலே புத்தி வந்துவிடும் சங்கதிகள்.

சுவர் எந்தத் திசை பார்க்கிறது என்று கவனிக்காதது

‘மாலை வெயிலில் எடு’ என்று எல்லோரும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அது பாதிதான் உண்மை. சுவரில் அடித்த தகரத்தின் நெளிவுகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. மேடு பள்ளம் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து, சுவரை உரசிக்கொண்டு வர வேண்டும். உச்சி வெயில் நெளிவின் போக்கிலேயே வழிந்து கீழே இறங்கிவிடும். மேற்குப் பார்த்த சுவரிலோ மாலை வெயில் நேருக்கு நேராக அறையும். இரண்டு வேளையிலும் நிழல் விழாது. நெளிவு இருந்த அடையாளமே படத்தில் இராது.

கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஆண்டின் எந்த நாளிலும் இங்கே சூரியன் நேர்கிழக்கிலிருந்து 24 பாகைக்கு மேல் விலகி உதிப்பதில்லை. ஆகவே காலையிலும் மாலையிலும் உரசும் வெளிச்சம் வடக்குச் சுவருக்கும் தெற்குச் சுவருக்கும்தான் கிடைக்கும்: ஜூனில் வடக்கு, டிசம்பரில் தெற்கு. ஜூனில் தென்மேல் பருவக்காற்று முகிலை இழுத்துவந்துவிடும் என்பதால், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை தெற்குச் சுவர்களைத் தேடிப்போவதே இலாபம். அந்த மாதங்களில் காலை 9 மணி வரைகூட அவற்றில் தாராளமாக வேலை செய்யலாம்.

பலகைச் சுவரின் கணக்கு வேறு. கிடையாக, ஒன்றன் விளிம்பு அடுத்ததன்மேல் ஏறும்படி அடித்த பலகைகளுக்கு உச்சி வெயில்தான் பொருத்தம். ஒவ்வொரு விளிம்பும் கீழே ஒரு நிழற்கோடு போடும். நண்பகலில் மாட்டிக்கொண்டால் தகரத்தை விட்டுவிட்டுப் பலகையிடம் போங்கள்.

கறளைச் செம்மஞ்சள் ஆக்குவது

இதைப் பேசத் தொடங்கினால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். கொஞ்சம் நீளத்தான் செய்யும்.

கொட்டாஞ்சேனைத் தம்பி ஒருவர், நல்ல கண் உள்ளவர், முகத்துவாரத்தில் கடலைப் பார்த்து நின்ற பழைய பண்டகசாலைச் சுவரொன்றை எடுத்தார். குழுக் கண்காட்சிக்கு அதைத் தன் செலவில் ஆளுயர அச்சாகப் போட்டு, தேக்குச் சட்டமும் அடித்துக் கொண்டுவந்தார். சுவர் முழுவதும் தோடம்பழச் சோடா நிறம். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஆணியைக் காணவில்லை, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரத்தையும் காணவில்லை. நிறம் பூசிய கடதாசி மட்டும் இருந்தது. “இப்படிப் போட்டால்தான் அண்ணா, ஆட்கள் நின்று பார்ப்பார்கள்” என்றார். நின்று பார்த்தார்கள்தான். ஒருவர் எந்த வர்ணம் அடித்த சுவர் என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த அச்சுக்கும் சட்டத்துக்கும் கொடுத்த காசில் அவர் ஒரு நல்ல பழைய லென்ஸ் வாங்கியிருக்கலாம்.

கறள் எப்படி வருகிறது என்று தெரிந்தவர் இதைச் செய்யமாட்டார். நெளிந்த இரும்புத் தகட்டுக்கு 1829இல் லண்டனில் ஹென்றி ரொபின்சன் பாமர் காப்புரிமை எடுத்தார். இரும்புக்குத் துத்தநாகப் பூச்சுக் கொடுக்கும் முறைக்கு 1837இல் பிரான்ஸில் சோரெல் காப்புரிமை பெற்ற பிறகே அந்தத் தகடு நீடித்து உழைக்கத் தொடங்கியது. துத்தநாகம் இரும்பை மூடிக் காப்பதோடு நிற்பதில்லை, இரும்புக்கு முன்னால் தான் அரிபடுகிறது. சிறு கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள துத்தநாகம் தீரும்வரை அங்கே இரும்பு தப்பித்திருக்கும். எனவே கறள் கண்ட இடத்தில் தொடங்குவதில்லை. ஆணித் துளை, வெட்டிய ஓரம், மழைநீர் தேங்கும் மேற்பொருத்து, தரையைத் தொடும் அடி ஆகிய இடங்களில்தான் முதலில் தலைகாட்டும். கடற்காற்று படும் பக்கம் முந்தும், மறுபக்கம் பிந்தும்.

நிறமும் இந்த வரிசையில்தான் மாறுகிறது. துத்தநாகம் முதலில் பளபளப்பை இழந்து சாம்பல் பூக்கும். புதுக் கறள் செம்மஞ்சள். நாட்பட நாட்பட அது மண்ணிறமாகி, கருஞ்சிவப்பாகி, சில இடங்களில் ஏறக்குறையக் கறுப்பாகிவிடும். ஒரே தகட்டில் இவை எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். எந்த ஆணி முதலில் விட்டது, எந்தத் தகட்டைப் பிறகு மாற்றினார்கள், எந்தப் பக்கத்தால் மழை அடிக்கிறது என்பதெல்லாம் அந்த நிற வேறுபாட்டில் இருக்கிறது. கணினியில் நிறச்செறிவை இழுத்துவிட்டவுடன் பழைய கறளும் புதுக் கறளும் ஒரே வயதாகிவிடுகின்றன. எதைப் பார்த்து ஆசைப்பட்டுக் கமராவைத் தூக்கினாரோ அதையே அழித்துவிடுகிறார்.

இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதையும் சொல்லவேண்டும், ரசனைக் குறைவு மட்டும் காரணமல்ல. படச்சட்டம் முழுக்கக் கறளாக இருக்கும்போது தானியங்கி வைட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறச்சாயலைக் கமரா தானே சரிசெய்வது) அதைத் தகரத்தின் நிறமாக எடுத்துக்கொள்ளாது. விளக்கின் மஞ்சள் என்று நினைத்து நீலத்தைக் கலந்து சமப்படுத்தப் பார்க்கும். வீட்டுக்கு வந்து திரையில் பார்த்தால் கறள் செத்துச் சாம்பலாகத் தெரியும். அந்த ஏமாற்றத்தில்தான் கை நிறச்செறிவுக்குப் போகிறது. ஆக முதல் வைத்தியம் களத்திலேயே இருக்கிறது. வைட் பேலன்ஸைப் பகல் வெயிலுக்கு நிலையாக வையுங்கள், அல்லது சாம்பல் அட்டை ஒன்றைச் சுவரில் சாய்த்து முதல் படத்தை எடுத்துவிடுங்கள். ரோ கோப்பாக, அதாவது கமரா கைவைக்காத மூலத்தரவாக, எடுத்தால் பிறகும் திருத்தலாம். ஜேபெக்கில் எடுத்தால் கமரா கலந்த நீலத்தை முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது.

இரண்டாவது கண்ணி சிவப்பு அலைவரிசை. கமராவின் பின்திரையில் வரும் ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராம், அதாவது வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம், பெரும்பாலும் பச்சையின் எடையைத்தான் காட்டும். அது ஒழுங்காக இருக்கும்போதே வெயில் பட்ட கறளில் சிவப்பு நிரம்பி வழிந்திருக்கும். வழிந்த இடத்தில் விவரம் மிஞ்சாது. மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு, தேவையானால் வெளிச்சத்தை மூன்றில் இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் குறைத்தால் வெளிச்சம் பாதி) குறைத்து எடுங்கள். திரையில் மின்னும் செம்மஞ்சளை மையால் அப்படியே கடதாசியில் கொண்டுவர முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும். அச்சகம் அதை அருகிலுள்ள நிறத்துக்கு இறக்கும்போது மீதமிருந்த நுணுக்கமும் நசுங்கிவிடும். ஆளுயரத்துக்குப் போடுமுன் கையகலத்துக்கு ஒரு சோதனை அச்சு எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். தம்பிக்கு இதைச் சொன்னேன். அடுத்த படத்தில் நிறத்தைக் குறைத்து, ஓரங்களை இருட்டாக்கிக் கொண்டுவந்தார். அது வேறு வியாதி.

கமராவைச் சாய்த்துப் பிடிப்பது

நெளி தகரம் அடிமட்டம் மாதிரி; ஒரு பாகை சாய்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் பொலரைசர் மாட்டுவது

மழை விட்டதும் போவது நல்ல பழக்கம், நனைந்த கறள் ஆழ்ந்த நிறம் கொடுக்கும். ஆனால் மேலே உள்ள நீர்ப்படலம் வெள்ளை வானத்தைக் காட்டும். அந்தப் பளபளப்பைப் பொலரைசர், அதாவது தெறிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் வடிகட்டி, வெட்டும், வர்ணம் பூசிய தகரத்திலும் வெட்டும். வெறும் துத்தநாகம் மினுங்கினால் மட்டும் வடிகட்டியை எவ்வளவு திருகினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. உலோகத்தின் தெறிப்பு அப்படி அடங்காது. இரண்டடி தள்ளி நின்று பாருங்கள், அதுதான் மருந்து.

கூரையில் ஏறுவது

ஏறாதீர்கள். கறள் தகரம் ஆளைத் தாங்காது, பழைய அஸ்பெஸ்டஸ் அதைவிடவும் மோசம்.

‘கைவிடப்பட்ட வீடு’ என்று பெயர் வைப்பது

கொழும்பு வனாத்தமுல்லையில் எடுத்த ஒரு தகர வீட்டுக்கு இந்தத் தலைப்பைப் பார்த்தேன். படத்தின் ஓரத்திலேயே கொடியில் பள்ளிச் சீருடை காய்கிறது. மலையகத்திலும் இதே கதைதான். கூரைத் தகரம் காற்றில் பறக்காமலிருக்கக் கல்லும் பழைய டயரும் ஏற்றிய லயனைப் பகல் பதினொரு மணிக்கு எடுத்துவிட்டு ‘மறைந்த வாழ்க்கை’ என்கிறார்கள். வீட்டுக்காரர்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

“அக்கா, இந்தச் சுவரை ஒரு படம் எடுக்கட்டுமா?” என்று கேட்க அரை நிமிடம் போதும். நகரத்துத் தகர வீடுகளில் இதைக் கேட்டே ஆகவேண்டும். கமராவைக் கண்டால், வீட்டை உடைக்க அளவெடுக்க வந்தவர்களோ என்று அங்கே முதலில் பயப்படுவார்கள். கேட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. எந்தத் தகடு எப்போது போட்டது, பின்சுவரில் இதைவிட நல்ல கறள் இருக்கிறது என்பதெல்லாம் அவர்களே சொல்வார்கள்.

அடுத்த மாதம் வரலாம் என்று தள்ளிப்போடுவது

வந்து பார்த்தால் கறள் தகரம் போய், நீல நிற அமானோ தகடு (கடையில் விற்கும் புதுக் கூரைத் தகடு) இருக்கும்.

படத்தைக் கண்மூடித்தனமாகச் சிறிதாக்குவது

தூரத்திலிருந்து எடுத்த கூரையின் நெருங்கிய நெளிவுகள், கைப்பேசித் திரைக்குச் சுருக்கும்போது அலையலையாகக் குழம்பும். மொய்ரே என்பது இதுதான். மூலப்படத்தில் பெரும்பாலும் இருக்காது, சுருக்கிய பிரதியில் வரும். சுருக்குமுன் கூரைப் பகுதியை மட்டும் இலேசாக மங்கலாக்குங்கள், கூர்மையைக் கடைசி அளவில் மட்டும் கூட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கூரையை முழுதாகக் காட்டும் ஆசையை விட்டுவிட்டு, நெளிவுகள் பெரிதாக விழும் ஒரு மூலையை மட்டும் வெட்டிப் போடுங்கள்.