சரணாலயத்துக்குக் கிளம்பும் முன் காலணியைக் கவிழ்த்துப் பாருங்கள்

பாதுகாக்கப்பட்ட காட்டுக்கோ சதுப்பு நிலத்துக்கோ போகிறேன், என்ன எடுத்துக்கொள்ள என்று கேட்பவர்களிடம் நான் முதலில் காலணியைப் பற்றித்தான் பேசுவேன். அடிப்பள்ளங்களில் காய்ந்து கிடப்பது போன பயணத்தின் மண். அதில் நீங்கள் போகும் இடத்துக்குச் சொந்தமில்லாத களைகளின் விதையும் இருக்கலாம், நோயும் இருக்கலாம்.

நியூசிலாந்தின் கௌரி (kauri) மரங்களை வேரழுக வைத்துக் கொல்லும் நுண்ணுயிர், காலணியில் ஒட்டும் மண்ணோடு பரவுகிறது. அங்கே பல பாதைகளின் வாசலிலேயே பிரஷும் கிருமிநாசினியும் வைத்திருக்கிறார்கள். சில பாதைகளை மூடியே விட்டார்கள். தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையும் ஈரச் சேற்றோடு இடம் மாறக்கூடியது. 2007-08 பருவத்தில் அண்டார்க்டிகா போனவர்களின் உடைகளையும் பைகளையும் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். விதை ஒட்டியிருந்தவர்களிடம் ஆளுக்குச் சராசரியாக 9-க்கு மேல் விதைகள்! பனிக்கண்டத்துக்கே இப்படி என்றால் மற்ற இடங்களை யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் முதல் நாளே மண்ணைச் சுரண்டி எடுத்து, பழைய பல் பிரஷால் சோப்புத் தண்ணீரில் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். காய்ந்தால் கைட்ரிட் பிழைக்காது. கௌரி நோய்க்கு அது போதாது, துளி மண்ணும் மிஞ்சக்கூடாது. பேன்ட் மடிப்பு, சாக்ஸ், வெல்க்ரோ பட்டை, கேமரா முக்காலியின் கால்கள் ஆகியவற்றையும் பாருங்கள். முக்காலியைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

உள்ளே போனதும் பாதையை விடாதீர்கள். சேறாக இருந்தாலும் நடுவிலேயே நடங்கள். ஆளுக்கு ஆள் ஒதுங்கிப் போனால் பாதை அகன்று ஓரச் செடிகள் போய்விடும்.

ஈக்வடாரின் கலாபகஸ் தீவுகளில் விலங்குகளிடமிருந்து 2 மீட்டராவது தள்ளி நிற்கவேண்டும் என்பது விதி. அங்குள்ள விலங்குகளுக்கு மனிதரிடம் பயம் குறைவு. மற்ற இடங்களில் இன்னும் நிறையத் தள்ளி நில்லுங்கள். மேய்வதை நிறுத்திவிட்டு ஒரு விலங்கு உங்களையே பார்த்தால், ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள், மெதுவாகப் பின்வாங்குங்கள். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிடுவதை தயவுசெய்து செய்யாதீர்கள். போட்டிக்கு வேறு பறவை வந்துவிட்டதென்று அடைகாக்கிற பறவை கூட்டை விட்டுக் கிளம்பிவிடலாம். கூடு, அரிய ஆர்க்கிட் செடி போன்றவற்றின் படத்தை இருப்பிடத் தகவலோடு பகிரவும் வேண்டாம். திருடுகிறவர்களுக்கு அதுவே வழிகாட்டி.

அப்புறம், திரும்பியதும் காலணியை மறுபடி கழுவுங்கள். அந்தத் தண்ணீரை ஓடையிலோ குளத்திலோ ஊற்றாதீர்கள்.