ட்ரெயில் கேமராவில் ராத்திரிப் படம் மட்டும் வராமல் போனபோது

அமெரிக்காவின் விஸ்கான்சினில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசன் தொடங்குவதற்குள் மான் தடத்தைப் பார்த்து வைக்கலாம் என்று, எதிரே விலங்கு அசைந்தால் தானே படமெடுக்கும் ட்ரெயில் கேமராவை மரத்தில் கட்டியிருந்தேன். பகல் படங்கள் பளிச்சென்று இருந்தன. ராத்திரியில் ஒன்று வெறும் கறுப்பு, இல்லை படமே இல்லை.

மெமரி கார்டை கேமராவிலேயே ஃபார்மேட் செய்தேன், அசைவைக் கண்டுபிடிக்கும் சென்சாரின் உணர்திறனைக் கூட்டிக் குறைத்தேன், எதிரே இருந்த கிளையை வெட்டினேன், அப்புறம் வேறு மரத்துக்கே மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தால் சனியன் ஒழுங்காக வேலை செய்கிறது, பேட்டரியும் பாதிக்கு மேல் காட்டுகிறது!

அங்கேதான் சூட்சுமம். வீட்டுக்குள் பேட்டரி குளிர் விட்டுத் தேறிவிடுகிறது. வெளியே உறைகுளிரில் ஆல்கலைன் பேட்டரி தளர்ந்துவிடும். பகல் படத்துக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும், ஆனால் ராத்திரியில் இருட்டில் படமெடுக்க உதவும், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத அத்தனை இன்ஃப்ராரெட் விளக்குகளும் ஒரே நேரத்தில் எரியும்போது வோல்டேஜ் சட்டென்று விழுந்துவிடுகிறது. கேமராவை ஒரு ராத்திரி வெளியே போட்டுவிட்டு, காலையில் உள்ளே எடுத்துவராமல் அங்கேயே கேமராவின் பேட்டரி மீட்டரைப் பார்த்தேன். அடிமட்டம்.

லித்தியம் டபுள் ஏ (AA) பேட்டரி போட்டேன், சரியாகிவிட்டது. விலை அதிகம்தான். இன்னொன்று, லித்தியம் கடைசிவரை முழுசாக இருப்பதுபோலவே காட்டிவிட்டுத் திடீரென்று படுத்துவிடும், அதனால் மீட்டரை நம்பாமல் மாற்று செட் ஒன்றைப் பையில் வைத்திருங்கள்.