குடியைக் குறைக்கும் செயலியைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களுக்கு இளைஞர்கள் கைப்பேசியோடு வருகிறார்கள். குடியைக் குறைக்க உதவும் இணையத் திட்டங்களைச் சோதிக்கும் வேலை. நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ஆனால் எங்கள் காலத்துத் தவறுகளே திரும்பவும் நடக்கின்றன. திறக்காத பக்கம், எழுத்துப்பிழை எல்லாம் அவர்களே சரிசெய்துகொள்வார்கள். நான் சொல்ல வருவது வேறு.

"ஒரு போத்தல்தாங்க"

குடிப்பழக்கத்தை அளக்க உதவும், உலகச் சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' வினாத்தாளில் ஒரு பானம் என்பது 10 கிராம் தூய மதுசாரம். 320 மில்லி பீர் டின்னில் 5 விழுக்காடு என்றால் 12 கிராமுக்கு மேல். 37 விழுக்காடு சம்சு (மலிவுச் சாராயம்) 150 மில்லி போத்தலில் ஏறக்குறைய 44 கிராம். ஒரு போத்தலை ஒரு பானம் என்று பதிந்தால் முக்கால்வாசிக் குடி கணக்கிலேயே வராது. போத்தல் படத்தைக் காட்டிக் கேளுங்கள்.

ஒப்பீட்டுக் குழு இல்லாமல் வெற்றி என்று அறிவிப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

தோட்ட மண்டபத்தில் ஒரு குழு வரைபடம் காட்டியது. முதல் கணக்கு தீபாவளி வாரம். இரண்டாவது, தைப்பூசத்துக்கு முந்திய வாரம். குடி பாதியாக இறங்கியிருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த மண்டோர் (தோட்டக் கங்காணி) ஒருவர் எழுந்து, "தம்பி, இதுல பாதிப் பேரு காவடிக்கு விரதம் இருக்காங்களே, அதைக் கழிச்சீங்களா?" என்று கேட்டார். யாரும் கழித்திருக்கவில்லை.

விரதம் மட்டுமல்ல. மாதம் 7ஆம் தேதிக்குள் சம்பளம் வந்துவிடும். 10ஆம் தேதி கேட்டால் ஒரு கணக்கு, 28ஆம் தேதி கேட்டால் வேறு. வீட்டில் சண்டை, வேலை போகும் பயம் என்று குடி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் பெயர் கொடுக்கிறார். உச்சம் பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் இறங்கும். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டாலே சிலர் குறைத்துக்கொள்கிறார்கள்.

பிரிட்டனில் 2007இல் குடியைக் குறைக்க உதவும் 'டவுன் யுவர் டிரிங்க்' இணையத் தளத்தைச் சோதிக்கத் தொடங்கினார்கள். 7,935 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு முழுத் திட்டமும் மற்றதற்கு வெறும் தகவலும் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் வாரக் குடி சுமார் 46 அலகிலிருந்து (அங்கே ஓர் அலகு 8 கிராம் மதுசாரம்) 26 அலகாக இறங்கியது, இரண்டு பிரிவிலுமே. ஒரு பிரிவை மட்டும் பார்த்திருந்தால் அந்த 20 அலகும் தளத்தின் சாதனையாகியிருக்கும்.

இணைய உதவியால் பலனே இல்லை என்று சொல்லவில்லை. 2017இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இப்படி உதவி பெற்றவர்கள் மற்றவர்களைவிட வாரத்துக்கு ஏறத்தாழ 23 கிராம் குறைவாகக் குடித்தது தெரிந்தது. அந்தச் சம்சு போத்தலில் பாதி. ஒரு குடும்பத்துக்கு அதுவும் பெரிசுதான். ஆனால் விரதமும் சம்பள நாளும் ஆட்டுகிற கணக்கில், ஒப்பீடு இல்லாமல் அந்தப் பாதிப் போத்தலைக் கண்டுபிடிக்கவே முடியாது. போலி வெற்றியை நம்பிப் பணம் ஒரு செயலிக்குப் போனால், வீடு வீடாகப் போய்ப் பேசும் ஆலோசகருக்கு அடுத்த வருஷம் சம்பளம் இருக்காது.

ஆர்வம் காட்டுகிறவருக்குத் திட்டம், மற்றவருக்குத் தகவல் என்று பிரிக்காதீர்கள், குலுக்கிப் போடுங்கள். ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒருவருக்குக் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்காரரும் பார்த்துவிடுவார். முடிந்தால் தோட்டம் தோட்டமாகக் குலுக்குங்கள். அதற்குத் தோட்டங்கள் நிறைய வேண்டும், இரண்டு போதாது. இரண்டு பிரிவையும் ஒரே வாரத்தில் கேளுங்கள்.

காத்திருக்கச் சொல்வது

ஒப்பீட்டுப் பிரிவிடம் "உங்க முறை அப்புறம்" என்றால் சிலர் குடியைக் குறைப்பதையும் அப்புறத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் திட்டம் உள்ளதைவிட நல்லதாகத் தெரியும்.

பதில் சொன்னவர்களை மட்டும் எண்ணுவது

கூடாது. விட்டுப்போனவர்களும் கணக்கில் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு ஒரே கைப்பேசி

நீங்கள் அனுப்பும் செய்தியை மகள் திறந்து படிப்பாள். கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

கைநடுக்கம் உள்ளவரைச் சேர்ப்பது

காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறவருக்குச் செயலி போதாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். "இன்னையிலிருந்து விட்டுடுங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்கே அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.